மெம்பர் ஜவாஹிரின் காது

காலை ஏழு மணிக்கே கட்டுகஸ்தோட்டையிலுள்ள அந்த வீட்டு முன்கூடம் ஆட்களால் நிறைந்துவிடும். வார்ப்புப் பட்டறை முதலாளியும் நகரசபை மெம்பருமான ஜவாஹிர், சாய்வுக் கதிரையில் அமர்ந்து ஒவ்வொருவர் குறையையும் முகம் பார்த்துக் கேட்பார். இடையில் குறுக்கிடமாட்டார். முடிந்ததும் நிதானமாகத் தலையாட்டி, "செய்வோம். கிளாக்கருக்கிட்ட எழுதிக் குடுங்க" என்பார். அந்தத் தலையாட்டலுக்காகவே கண்டிக்கு அப்பாலுள்ள அம்பிட்டியவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அன்று இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், தன் கடை முன்னால் ஓடும் சாக்கடைக் கானுக்கு இரும்பு மூடி போட்டே ஆகவேண்டும் என்றார். ஜவாஹிர் தலையாட்டினார். அடுத்த கடை நஸீம், மூடி போட்டால் மழைத் தண்ணீர் தன் கடைக்குள் வரும், போடவே கூடாது என்றார். அதற்கும் அதே தலை, அதே ஆட்டம். இருவரும் வென்ற முகத்தோடு படியிறங்கினார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஓம் எண்டிட்டார் பாருங்கோ," என்று கிளாக்கர் நவரட்ணராஜா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். "அரசியல் எண்டா இதுதான்."

உண்மையில் அது அரசியல் அல்ல, செவிடு.

இருபத்தைந்து வருடம் ஊதுலையின் இரைச்சலுக்கும், வார்ப்பைச் செதுக்கும் உளிச் சத்தத்துக்கும் நடுவில் நின்ற காது அது. முதலில் குருவிகள் போயின. பிறகு பெண்களும் பிள்ளைகளும். ஆண்களின் கனத்த குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஏதோ கொஞ்சம் கேட்டது. வாயசைவைப் பார்த்து மீதியை ஊகித்துக்கொண்டார். ஊகிக்க முடியாததை எழுதித் தரச் சொன்னார்.

வெளியில் சொல்லவும் வழியில்லை. நாலு வருடத்துக்கு முன் அவர் தேர்தலில் தோற்கடித்தது, காதில் குழல் வைத்துக் கேட்கும் ஒரு கிழவரை. "உங்கட குறைய கேக்கிறதுக்கு ஒரு காது வேணுமா, வேணாமா?" என்று மேடைக்கு மேடை முழங்கிப் பெற்ற ஆசனம் அது. அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குத் தரும் முகாந்திரம் பட்டத்துக்கும் அவர் பெயர் போயிருந்தது. பட்டம் வருமுன்பே கோட்டுக்கு அளவும் கொடுத்தாயிற்று. செவிட்டு முகாந்திரம் என்று ஊர் சிரித்தால் கோட்டை என்ன செய்வது?

இரவுச் சாப்பாட்டில் மனைவி ருக்கியா எதிரே நின்று ஏதோ சொல்வாள். அவர் தலையாட்டுவார். அவள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்ப்பாள். பிறகு போய்விடுவாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவள் வாய் அசைவதே நின்றது. நூறு பேர் வந்துபோகும் வீட்டில், தன் கோப்பை மேசையில் படும் சத்தம்கூட இல்லாமல் அவர் தனியாக இருந்தார். வாய்விட்டு அழுதாலும் அது தனக்கே கேட்காது என்பதால் அழுவதிலும் பெரிய பிரயோசனம் இருக்கவில்லை.

மகள் றலியாவுக்குக் கலகெதரவிலிருந்து மாப்பிள்ளை வந்தது. மிளகு வியாபாரி, பெரிய இடம். ஒரு மாலை றலியா அவரருகே வந்து தலை குனிந்தபடி நெடுநேரம் பேசினாள். குனிந்த தலையில் வாயசைவு ஏது? அவர் வழமைபோல் தலையாட்டி, அவள் தலையைத் தடவினார். அவள் கண் கலங்கச் சிரித்தாள். பிள்ளைக்குச் சம்மதம் என்று முடிவுகட்டி, அடுத்த வாரம் மாப்பிள்ளையின் சாச்சா வந்தபோது நாள் குறித்தார். அன்றிலிருந்து மகளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

நிக்காஹ் நாளில் கூடம் நிறைந்திருந்தது. வழக்கப்படி பெண்ணின் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு உள்ளே போய் அவள் சம்மதத்தைக் கேட்டுவர வேண்டும். அவள் பேசாமலிருந்தாலே சம்மதம். மைத்துனன் ஹுஸைனும் பள்ளிவாசல் நிர்வாகி சாஹுல் ஹமீதும் கூட வந்தார்கள்.

"மகள், சம்மதம்தானே?"

முக்காட்டுக்குள் அவள் உதடு அசைந்தது. சாஹுல் ஹமீது பாயைப் பார்த்தார். ஹுஸைன் சுவரைப் பார்த்தான். மெம்பரை மறுத்துப் பேசி இருவருக்கும் பழக்கமில்லை.

ஜவாஹிரின் தலை தானாக அசையத் தொடங்கியது. அப்போதுதான் மகளின் கண்களைக் கண்டார். மனு கொண்டுவருபவர்கள் அவர் எப்போது தலையாட்டுவார் என்று பார்ப்பார்கள். இவள், தலையாட்டிவிடுவாரோ என்று பயந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேக்கல்ல," என்றார் ஜவாஹிர். "நாலு வருஷமா கேக்குதில்ல. காதுக்குள்ள செல்லு மகள்."

றலியா எழுந்து வந்து அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள். அது அவருக்குக் கேட்டது. கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"எனக்கு வேணாம் வாப்பா. அவருக்குக் குருநாகலில ஒரு பொண்சாதியும் ரெண்டு புள்ளைகளும் ஈக்கிது. சோறு குடுக்காம உட்டுப் போட்டு வந்தவர். அண்டைக்கே சென்னேன். நீங்க தலையாட்டினீங்க."

மாப்பிள்ளை வீட்டார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். ஜவாஹிர் கூடத்துக்கு வந்து, தன் வாழ்நாளின் மிகச் சிறிய பிரசங்கத்தைச் செய்தார்: "நிக்காஹ் இல்ல. எனக்குக் காது கேக்காது."

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க சுவரோடயா பேசின?" என்றார் இறைச்சிக் கடைக்காரர். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வாசலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, கண்டி வரைக்கும் போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்கூடத்தில் ஒருவரும் இல்லை. நவரட்ணராஜா கூடச் சுகமில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார். வெறும் வாங்குப் பலகைகளைப் பார்த்தபடி ஜவாஹிர் இருந்தார். கொஞ்ச நேரத்தில் ருக்கியா வந்தாள். ஆண்கள் உட்காரும் வாங்கொன்றை இழுத்து, அவர் காதருகே போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்கல்லாட்டி கேக்கல்லயெண்டு செல்றதில என்ன வெக்கம்? பெரிய மனிசனெண்டு பேரெடுக்க நீங்க பொய்க்குத் தலையாட்டினீங்க. அதுல புள்ளைட வாழ்க்க போகப் பாத்திச்சு. ஊருட குறைய கேக்க முந்தி ஊட்டில ஈக்கிற பொம்புளைகள்ட பேச்சக் கேக்கோணும்."

ஜவாஹிர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாதிதான் கேட்டிச்சு," என்றார். "இன்னொருக்கா செல்லு."

அவள் சொன்னாள். இந்த முறை தெருவுக்கே கேட்டது.