சிரட்டைக் காஸ்

என் புருஷன் அஸ்பாக்குக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. கட்டாரில் ஏழு வருடம் குழாய் பொருத்தும் வேலை பார்த்துவிட்டுக் காத்தான்குடிக்குத் திரும்பியவர். நாட்டில் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்ற அந்த நோன்பு மாதத்தில், வளவின் மூலையில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை நிறுத்தினார். அதற்குள் தேங்காய்ச் சிரட்டையை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடி, அடியில் நெருப்பு மூட்டினார். உள்ளே சிரட்டை எரியாது. சூட்டில் கரியாகும், அதிலிருந்து காஸ் கிளம்பும். அதைக் குழாய் வழியாகக் குசினிக்குக் கொண்டுவந்து அடுப்பில் பற்றவைத்தார். எரிந்தது! தெருவே வந்து பார்த்தது.

எனக்குத்தான் வயிற்றெரிச்சல். அந்தக் காஸின் புகை நெடி குசினியைத் தாண்டி என் தறி வரைக்கும் வந்தது. நெய்து கொடுத்த எட்டுச் சாரன்களையும் கடைக்காரர் திருப்பி அனுப்பினார்.

"இத ஆரு உடுப்பான்? கருவாடு சுத்தின சீலை மாதிரி மணக்குது" என்றாராம்.

நான் விடுவேனா?

"இந்த நாத்தம் போகாட்டி உங்கட பீப்பாயத் தூக்கி ஆத்துல போட்டுடுவன்" என்று கத்தினேன்.

மனிதர் முகம் வாடினாலும் வேலையை விடவில்லை. காஸைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தார். பிறகு ஈர உமிக்குள், பிறகு கரித்தூளுக்குள். பத்து நாளில் நெடி அடங்கிவிட்டது. அடுப்பில் மூக்கை வைத்தாலும் ஒன்றும் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணம்தான் இல்லையே, இனி எதற்கென்று குசினி யன்னலையும் சாத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனாலே தலையிடித்தது. கால் சோர்ந்தது. நோன்பென்றால் அப்படித்தான் என்று இருந்தேன். பத்து வயது மகள் அகீலா அந்த வருடம்தான் நோன்பு பிடிக்கத் தொடங்கியிருந்தாள். என்னோடு குசினியில் இருந்து வெங்காயம் உரிப்பாள்.

"உம்மா, தல சுத்துது."

"கொஞ்சம் பொறு மகள், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம்தான்."

பாவி நான், இப்படிச் சொல்லிச் சொல்லியே அவளை அங்கே உட்காரவைத்தேன்.

இருபத்திரண்டாம் நோன்பன்று அவள் சுவரில் சாய்ந்து தூங்கிப் போனாள். களைப்பு என்று விட்டுவிட்டேன். எனக்கும் மண்டை பிளந்தது. நோன்பு திறந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது. அன்று எனக்கு நோன்பே இல்லை. மாதவிலக்கு. காலையில் பிட்டும் தின்று, இரண்டு தரம் தேத்தண்ணீரும் குடித்திருந்தேன். பிறகு எனக்கெதற்குத் தலையிடி?

"அகீலா!"

உலுக்கினேன். கண் திறக்கவில்லை. எப்படித் தூக்கினேனோ, முற்றத்து மணலில் கொண்டுவந்து கிடத்தினேன்.

"இஞ்ச ஓடி வாங்க! காஸ மூடுங்க!"

ஆற்றுப் பக்கத்துக் காற்று அவள் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. யா அல்லாஹ், எவ்வளவு நேரம்! கடைசியில் இருமினாள், வாந்தி எடுத்தாள், என்னைப் பார்த்தாள்.

"உம்மா, என்ட நோன்பு முறிஞ்சிட்டா?"

அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், அந்தக் காஸில் இருக்கும் நஞ்சுக்கு மணமே கிடையாதாம். வீட்டுக்கு வந்து அஸ்பாக் தேடினார். அடுப்புக்குப் பின்னால் றப்பர்க் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு. முந்திய நெடி இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் அடுப்பை முற்றத்துக்கு மாற்றினார்.

"அந்த உமியையும் கரியையும் எடுத்து எறிங்க" என்றேன்.

"திரும்ப மணக்குமே புள்ள. உன்ட சாரன்?"

"மணக்கட்டும்."