இறுக்கிக் கட்டிய கால்

மரியத்தின் இடது கணுக்காலுக்கு மேலே இருந்த புண்ணுக்கு இரண்டு வயது. புத்தளத்து அகதி முகாமில் வந்த புண். போரில் விரட்டப்பட்டு இருபத்திரண்டு வருடங்களுக்குப் பின் முசலிக் கரையில் இருந்த சொந்தக் காணிக்கு அவள் மீளக் குடியேறியபோதும் அது ஆறவில்லை.

ஆறாப் புண்களுக்கென்றே பயிற்சி பெற்ற தாதி சிவலட்சுமி, திங்களும் வியாழனும் ஸ்கூட்டியில் அந்தத் தகரக் கொட்டிலுக்கு வருவாள். புண்ணைக் கழுவி மருந்து வைத்து, இழுபடும் பட்டித்துணியைப் பாதத்திலிருந்து முழங்கால்வரை சுற்றுவாள். நாளங்களில் தேங்கிய இரத்தம் மேலே ஏற அந்த இறுக்கம் வேண்டும்.

“இறுக்கிக் கட்டினாத்தான் ஆறும், உம்மா. நான் வருமட்டும் அவிழ்க்காதேங்கோ.”

“ஓம் மிஸி.”

மரியத்தின் கணவர் வஸீர் கிட்ட வரமாட்டார். றப்பர் சப்பாத்தோடு, காணியை மூடிக் கிடந்த உடைமரங்களை வெட்டிக்கொண்டிருப்பார். தூரத்தில் நின்றே கையைத் தூக்குவார்.

முதல் மாதம் புண் ஒரு விரல் அகலம் சுருங்கியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. துணியின் சுற்றும் தன் கைச் சுற்றல்ல என்று சிவலட்சுமிக்குத் தெரிந்தது.

“தொழ முன்னம் கால் கழுவி வுளு எடுக்கக் கழட்டுறீங்களோ? மௌலவியிட்டக் கேட்டனான். கட்டுக்கு மேல தடவினாப் போதுமாம்.”

“அது எனக்குத் தெரியும் மிஸி.”

“அப்ப ஏன் கழட்டுறீங்கள்? உங்கட கால் ஆறவேணுமெண்டு எனக்கு மட்டும்தானோ?”

மரியம் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

அடுத்த வியாழன் விடுமுறை. அதனால் சிவலட்சுமி புதன்கிழமையே போனாள். மரியத்தின் கால் வெறுமையாக இருந்தது.

“கட்டு எங்க?”

மரியம் அழத் தொடங்கினாள். கொட்டிலின் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

வஸீர் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்திருந்தார். துணி அவர் பாதத்தைச் சுற்றி இறுகியிருந்தது. சிவலட்சுமி குந்தியிருந்து அவிழ்த்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

“சீனி வருத்தமோ?”

“பத்து வருசமா. முள்ளு ஏறி ஒரு மாசம் தாண்டிட்டுது.”

“ஏன் சொல்லேல்ல?”

“காணி அளக்க அரசாங்க ஆக்கள் வருவினமாம். நான் ஆஸ்பத்திரியில கிடக்க, ஆளில்லாக் காணியெண்டு எழுதிப்போட்டா?”

மரியம் கண்ணைத் துடைத்தாள். “ஒருநாள் எனக்கு, ஒருநாள் இவருக்கெண்டு மாத்திக் கட்டினன். இறுக்கினாத்தான் ஆறுமெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?”

சிவலட்சுமி கைபேசியை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நீரிழிவு தின்ற அந்தப் பாதத்துக்கு இறங்குகிற இரத்தமே கொஞ்சம். அதையும் இந்தத் துணி மறித்திருக்கிறது.

அம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாளில் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே மரியம் சிவலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உண்மையைச் சொல்லுங்கோ மிஸி. நான் கட்டினதாலயோ?”

இல்லையென்று சொல்லிவிடலாம். சிவலட்சுமிக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

“அதாலயும்தான், உம்மா. ஆனாப் பிழை என்னில. ஏன் இறுக்குறனெண்டு நான் விளங்கப்படுத்தேல்ல. இவ்வளவு நாள் உங்கட வீட்டுக்கு வந்தும் அவரின்ர காலை ஒருக்காலும் பாக்கேல்ல.”

மரியம் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அளக்க வந்த அன்று மரியம் தனியே எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். காணி அவர்கள் பேரிலேயே பதிவாகியது. மூன்று மாதத்தில் அவள் புண்ணின்மேல் மெல்லிய தோல் மூடியது. வஸீர் ஊன்றுகோலோடு வீடு வந்தார்.

இப்போது சிவலட்சுமி வருவது அவருடைய காலுக்கு. அவர் கதைப்பார், தேத்தண்ணி குடிக்கச் சொல்லுவார். மரியம் முன்னைப்போலக் கதைப்பதில்லை. கட்டி முடிந்ததும் கிட்ட வந்து, துணிக்கும் தோலுக்கும் இடையில் தன் விரலை விட்டுப் பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்கும்வரை சிவலட்சுமி கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பாள்.