தேவகி வேனின் ஹார்ன்

தேவகியின் வாய்க்கு ஓய்வு கிடையாது. செமிலிங்கில் அவளை அறிந்த எல்லாரும் அதற்குச் சாட்சி. ஆனால் போன வெள்ளிக்கிழமை அவளுடைய வேனுக்குத்தான் வாயடைத்துப் போனது. சிடாம் கிரி பக்கம் ஒரு வளைவில் மணல் லோரி ஒன்று கோட்டைத் தாண்டி நேரே வந்தது. தேவகி ஹார்னை அமுக்கினாள். சத்தமில்லை. ஓங்கிக் குத்தினாள், அப்போதும் இல்லை. பிரேக்கை மிதித்து வேனைப் புல்லில் இறக்கினாள். பின்னால் இருந்த, ஃபேக்டரி வேலைக்குப் போகும் பதினோரு கிலாங் பெண்களும் மாரியாத்தாவைக் கூப்பிட்ட கூப்பாட்டில்தான் லோரிக்காரன் திரும்பியே பார்த்தான்.

யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவே தேவகிக்குப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை காலை வேனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேறு. ஹார்ன் அடிக்காவிட்டால் ஃபெயில், அந்தப் பெண்களை ஏற்றிப் போகிற கூலிம் ஓட்டம் போச்சு. அதற்குத்தான் பயந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பயந்ததெல்லாம் மருதம்மாளின் நாக்குக்கு.

மருதம்மாள் அவளுக்கு நாத்தனார், புருஷன் லோகேஸ்வரனின் அக்கா. மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் லோகேஸ்வரனுக்குச் சர்க்கரை நோயில் பார்வை மங்கியது. வேன் சாவியைத் தேவகி கையில் எடுத்தாள். "பொம்பளை வேன் ஓட்டுறாளாம்! பாத்துக்கிட்டே இரு, ஒரு நாள் ஏதாவது லோரியில கொண்டு போய் விடப் போறா" என்று தெருவே கேட்கச் சொன்னாள் மருதம்மாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"கருநாக்கு தம்பி, எங்க அண்ணிக்குச் சுத்தமான கருநாக்கு. சொன்ன மாதிரியே லோரி வந்துச்சா இல்லையா?" என்றாள் தேவகி. ஞாயிற்றுக்கிழமை மதியம், பீடோங்கில் மெக்கானிக் ரோனால்டின் பெங்கேல், அதாவது பட்டறை. ரோனால்ட் சர்ச்சுக்குப் போட்ட சட்டையோடு அவளுக்காகவே கதவைத் திறந்திருந்தான்.

"நாக்கு கருப்போ சிவப்போ, ஹார்னுக்குக் கரண்ட் வேணும்லாக்கா. மொதல்ல அதைப் பாப்போம்."

பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தான். நல்லாத்தான் இருந்தது. ஹார்னை அமுக்கச் சொன்னான். டாஷ்போர்டுக்கு அடியில் ரிலே 'டிக்' என்றது. "பட்டனும் சரி, ரிலேயும் சரி" என்று முன்பக்கம் போய், ஹார்னில் இருந்த வயரைக் கழற்றி டெஸ்ட் லைட்டை வைத்தான். அவள் அமுக்க, விளக்கு எரிந்தது.

"கரண்ட் ஹார்ன் வரைக்கும் வருது."

"அப்ப ஹார்ன் செத்துப் போச்சா?"

ரோனால்ட் வயரை மாட்டிவிட்டு, இன்னொரு வயரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை ஹார்னின் இரும்பிலும் தொட்டான். "இப்ப அமுக்குங்க."

ஹார்ன் அலறியது. எதிரே படுத்திருந்த பூனை சாக்கடையைத் தாண்டி ஓடியது. தேவகி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஹார்ன் உயிரோடதான் இருக்கு. இதுக்கு வயர் ஒண்ணுதான்க்கா. கரண்ட் திரும்பிப் போறதெல்லாம் இந்த போல்ட் வழியாத்தான், வேன் பாடிக்கு. வந்து போல்ட்டோட கதியைப் பாருங்க."

இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். போல்ட்டைச் சுற்றித் துரு பொருக்குத் தட்டியிருந்தது. அதிலேயே ஒரு சிவப்பு நூல். நூலில் கோத்த எலுமிச்சம்பழம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு கரி.

"எலுமிச்சைச் சாறு, வாரா வாரம் ஊறி இரும்பையே தின்னுடுச்சு" என்றான் ரோனால்ட். "திருஷ்டிக்குக் கட்டுங்க, வேணாங்கல. ஆனா உடைஞ்ச கிரில்லுக்குள்ள கையை விட்டு, தேடிப் புடிச்சு ஹார்ன் போல்ட்டுலயா கட்டுவாங்க?"

"ஐயோ, நான் கட்டல. எங்க வீட்டுக்காரரு கட்டுறது. கண்ணு தெரியாட்டியும் தடவித் தடவிக் கட்டுறாரேன்னு மனசுக்குள்ள உருகிட்டுல்ல இருந்தேன்" என்று அப்போதே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"நானா?" என்றான் லோகேஸ்வரன். "வெள்ளிக்கிழமையானா வாசல்ல எலுமிச்சை வாசனை வரும். நீதான் கட்டுறேன்னு இருந்தேன்டி."

தேவகி அந்த நூலை மறுபடி பார்த்தாள். இரட்டை இழையாக முறுக்கி, மூன்று முடிச்சு. மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டுகிற நூல். அந்தத் தெருவில் பூக்கட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அள்ள முடியாததை அள்ளத்தான் மருதம்மாள் நாலு வருஷமாக, வேன் கிளம்பும் முன்னால் இருட்டோடு வந்து போயிருக்கிறாள். தேவகிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. "பாவி மனுஷி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்று முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

ரோனால்ட் துருவைத் தேய்த்து எடுத்து, புது போல்ட் போட்டு முடுக்கி, கிரீஸ் தடவினான். பழத்தைத் தூக்கிப் போடப் போனவனிடம் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது தன் வீட்டுக்குப் போகாமல் மருதம்மாள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, நீளமாக ஒரு ஹார்ன் அடித்தாள். மடியில் பூவோடு வெளியே வந்த மருதம்மாள், வேனைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை ஹார்ன் அடிக்கல. லோரி மேல மோத இருந்தேன். அதுக்கு நீங்கதான் காரணம்."

மருதம்மாளின் முகம் வெளிறிப் போனது. "நான் அன்னிக்குச் சொன்னது பலிச்சிருச்சா தேவகி?" என்றாள்.

"சொன்னது ஒண்ணும் பண்ணல. கட்டினதுதான்." ஜன்னல் வழியாக அந்த எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். "இனிமே பம்பரில கட்டுங்க. போல்ட்டுல கட்டினா ஹார்ன் செத்துப் போகுது."

மருதம்மாள் பழத்தை வாங்கிக்கொண்டாள். மடியில் இருந்த பூவோடு அதையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனாமே. கூட யாரு வர்றா?"

"யாரும் இல்ல."

"நான் வர்றேன்" என்றாள் மருதம்மாள். "முன் சீட்டுலதான் உக்காருவேன், ஆமா."