நெட்டை வைத்துவிட்டுப் போன இடக்குறி

காலை பத்து நாற்பதுக்கு டிஸ்க் தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பியிருந்தது. ஒன்பது பத்துக்கு நான் அதைப் பெரிதாக்கி முடித்தபோது எழுபத்தெட்டுதான். இதே வேகத்தில் போனால் பதினொன்றே முக்காலுக்குள் இடமே இருக்காது.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நானூறு நர்சுகள் தங்கள் கைபேசியில் எழுதுவதெல்லாம் சேருகிற டேட்டாபேஸ் அது. கிளவுடில் இருக்கிறது என்று சொல்வோம். உண்மையில் யாருடைய கட்டடத்திலோ, குளிரூட்டிய அறையில் ஓடும் இயந்திரம். ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு முறைகூடத் தொட்டதில்லை. என் இடம் இரண்டு அறை வீட்டின் சாப்பாட்டு மேசை, ஒரு திரை, காதில் ஹெட்செட்.

நான் எச்சரிக்கை அனுப்பிய உடனே தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

"என்னம்மா, உங்க பெட்டி நிரம்பிடுமாமே?"

"பார்த்துட்டே இருக்கேன் சிஸ்டர்."

"நீங்க பார்த்துட்டே இருங்க. பன்னெண்டு மணிக்கு இங்க ஷிஃப்ட் மாறுது. காலையில ஒருத்தி இன்சுலின் போட்டுட்டு வந்திருப்பா. அது பதிவாகலைன்னா மதியம் போறவ திரும்பப் போடுவா. அந்த வீட்டுக்காரர் எழுந்திரிக்கவே மாட்டார். புரியுதா?"

"புரியுது."

"நிறைஞ்சா இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக்க வேண்டியதுதானே?"

அதைத்தான் காலையில் செய்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னும் செய்தேன். ஏன் நிரம்புகிறது என்று பார்க்காமல், நர்சுகளின் எண்ணிக்கை கூடிவிட்டது போலிருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். ஆனால் வாடகை டிஸ்க்குக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு முறை பெரிதாக்கினால் அடுத்த ஆறு மணி நேரம் அதைத் தொட முடியாது. பழைய பதிவுகளை அழித்து இடம் பிடிக்கலாமா என்றால், அதுவும் ஆகாது. காரணம் சொல்கிறேன்.

டேட்டாபேஸ் எதையும் நேராக அதன் அட்டவணையில் எழுதாது. முதலில் ஒரு நாட்குறிப்பில், 'இன்ன வரியில் இன்ன மாற்றம்' என்று குறித்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அழிப்பதும் ஒரு மாற்றம்தானே? அதையும் முதலில் குறிப்பில் எழுதும். அழிக்க அழிக்கக் குறிப்பு பெருகும். வேலை முடிந்த பழைய பக்கங்களை மட்டும் அதுவே கிழித்துப் போட்டுவிடும்.

அட்டவணைகளின் அளவைப் பார்த்தேன். டிஸ்க்கில் கால் பங்குகூட இல்லை. மீதியெல்லாம் நாட்குறிப்பு. மூன்று வாரமாக ஒரு பக்கம்கூடக் கிழிக்கப்படவில்லை. இன்று மாதத்தின் முதல் நாள். நானூறு பேருக்கும் இந்த மாதத்துக்கான பணி நேரம் போட்டதில் மேலும் குவிந்துவிட்டது.

குறிப்பு கிழிபடாமல் நிற்க ஒரு பொதுவான காரணம் உண்டு. வேறொரு இயந்திரம் அதைப் படித்து நகல் எடுத்துக்கொண்டிருந்தால், அதற்காக ஓர் இடக்குறி வைப்பார்கள். 'இதுவரை படித்துவிட்டேன், இதற்குப் பிறகு உள்ளதை எறிந்துவிடாதே' என்று அதற்கு அர்த்தம். இடக்குறிகளின் பட்டியலைத் திறந்தேன். ஒன்றே ஒன்று. பெயர் 'நெட்டை_1'. படிப்பவர் இணைப்பில் இருக்கிறாரா என்ற கட்டத்தில், 'இல்லை'.

நெட்டை என்னுடன் ஆறு வருடம் வேலை பார்த்தவன். தன் உயரம் ஆறடி மூன்று அங்குலம் என்று அவனே சொன்னது. நான் பார்த்ததெல்லாம் திரையில் தெரிந்த தலையும் தோளும். தினமும் பத்து மணிக்கு அரை மணி நேரம் பேசுவோம். பாதி வேலை, பாதி வம்பு. மூன்று வாரத்துக்கு முன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு பல நாள் மதியம் வரை நான் வாயே திறப்பதில்லை. அவன் எண் இருந்தது. கூப்பிடக் காரணம்தான் இல்லை.

இடக்குறியை நீக்க ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் எடுத்தால் எடுத்ததுதான். எங்கள் நோயாளிகளுக்கு மருந்து அனுப்பும் மருந்துக்கடை அந்த நகலைத்தான் நம்பியிருந்தால், அங்கே மாத்திரை மாற்றங்கள் போய்ச் சேராது. பத்து ஐம்பத்தைந்துக்குக் கூப்பிட்டேன்.

"அடடா, அக்கா! என்ன, உலகம் அழியப் போகுதா?"

"முக்கால் மணி நேரத்துல."

"அப்ப நிறைய நேரம் இருக்கு. சொல்லுங்க."

"நெட்டை ஒண்ணுன்னு ஒரு இடக்குறி. உன்னோடதா?"

"பேரே போட்டிருக்கேனே. அதுக்கென்ன?"

"உனக்காக மூணு வாரமா எல்லாத்தையும் சேர்த்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கு."

அவன் பக்கம் பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது.

"ஐயோ. என் அக்கவுண்ட்டை மூடினப்ப என் மெஷினையும் அணைச்சிருப்பாங்க. இதை மறந்துட்டாங்க. நான் போயிட்டேன்னு அதுக்கு யாரும் சொல்லலையா?"

"அதுக்கு யார் சொல்றது? எனக்கே கடைசி நாள் மதியம்தான் தெரிஞ்சுது."

சொல்ல நினைத்ததில்லை, வந்துவிட்டது. உடனே மருந்துக்கடையைப் பற்றிக் கேட்டேன்.

"மருந்துக்கடைக்கு வேற வழிக்கா. இது நான் ஒத்திகைக்கு வெச்சது. அந்தப் பக்கம் யாருமே இல்ல. தூக்கிருங்க."

தூக்கினேன். பட்டியல் காலியானது. டிஸ்க் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றது.

"இறங்கலையே."

"உடனே இறங்காதுக்கா, உங்களுக்குத் தெரியாததா? அடுத்த சோதனைப் புள்ளி வரணும். அஞ்சு நிமிஷம்."

தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டேட்டாபேஸ், எழுதியதெல்லாம் சேர்ந்துவிட்டதா என்று சரிபார்க்கும். அப்போதுதான் பழைய பக்கங்களைக் கிழிக்கும். அவனுக்கு அங்கே வேலை இருக்கும். ஆனாலும் அவன் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இப்படித்தான் ஆறு வருடம் திரையில் டிஸ்க்கின் அளவைக் காட்டும் ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அங்கேயும் உன்னை நெட்டைன்னுதான் கூப்பிடறாங்களா?"

"இங்க என்னைவிட உயரமா ரெண்டு பேர் இருக்காங்க. நான்தான் குட்டை."

சிரித்தேன். என் குரல் எனக்கே கரகரப்பாகக் கேட்டது.

"ஜலதோஷமாக்கா?"

"இல்ல. இன்னிக்கு சிஸ்டர்கிட்ட நாலு வார்த்தை, அப்புறம் உன்கிட்டதான் பேசறேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் கோடு செங்குத்தாக விழுந்தது.

"விழுந்துடுச்சு!"

"எவ்வளவு?"

"இருபத்தாறு."

"அப்பாடா. வேற ஏதாவது இருக்காக்கா?"

யோசித்துப் பார்த்தேன். வேலையைப் பொறுத்தவரை வேறு எதுவும் இல்லை.

"இல்ல."

"ஏதாவது உடைஞ்சா கூப்பிடுங்க, என்ன?"

உடைந்தால்தானா என்று கேட்க வாயெடுத்தேன். "குட்டை, வர்றியா இல்லையா?" என்று யாரோ அங்கே கத்தினார்கள். "இதோ" என்றான். இணைப்பு போய்விட்டது.

இது மறுபடி நடக்காமல் இருக்க ஓர் அமைப்பு உண்டு. படிக்க வராதவருக்காக எவ்வளவு குறிப்பைச் சேர்த்து வைக்கலாம் என்பதற்கான எல்லை. அதில் இருந்தது 'கழித்தல் ஒன்று'. எல்லையே கிடையாது, எத்தனை நாளானாலும் காத்திரு என்று பொருள். சனிக்கிழமை கெட்டுப்போன இயந்திரம் திங்களன்று எழுந்துவிடும் என்று கணக்குப் போட்டு, இரண்டு நாளைய அளவைக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்கு மதிய ஷிஃப்டின் பதிவுகள் வரத் தொடங்கின. ஒரு வரியில் நின்றேன்: 'காலை 8:10க்கு இன்சுலின் போடப்பட்டிருக்கிறது. இப்போது போடவில்லை.' தலைமை நர்ஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'சரி.'

அறிக்கைப் படிவம் மட்டும் பாக்கி. காரணம் எழுதினேன், நேரங்களை எழுதினேன். கடைசிக் கட்டம், 'சரிசெய்ய உதவியவர்'. அதில் நாமாக எழுத முடியாது, பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்தேன். எங்கள் குழுவில் ஒரே ஒரு பெயர் இருந்தது. காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தேன். படிவம் ஏற்கவில்லை, அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிக் காட்டியது.

என் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். ஹெட்செட்டைக் கழற்றியபோது சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.