கோஃபி என்று யார் கூப்பிட்டது

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் கோஃபி என்று கூப்பிடுகிறது, ஆளைக் காணோம், கேட்டைக் காணோம், கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்ற பனைமரத்தைக் காணோம், சகாராவிலிருந்து கிளம்பி வந்த தூசி ஊர் மொத்தத்தையும் மாவுச்சாக்குக்குள் போட்டு உதறினது போல மூடிக் கிடக்கிறது, உச்சிவெயில் எங்கோ மேலே நின்று அந்த மாவை வறுக்கிறது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன், என் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் நாச்சம்மாள், என் மனைவி, அவள் மடியில் பிறந்து ஏழு நாளான பையன், காலையிலிருந்து பால் குடிக்காதவன், அழாதவன், அந்தக் குரலைக் கேட்டதும் வாயைத் திறக்கிறான், திறந்த வாய் திறந்தபடியே நிற்கிறது, நாற்பது வருஷமாக நிற்கிறது, கண்ணை மூடினால் எனக்கு அந்த வாய்தான், இப்போதும் மூடினேன், பயந்துபோய்த் திறந்தேன், எதிரே வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம், கதவுக்கு அந்தப்பக்கம் அதே பையன், நெஞ்சுக்குழாயில் அடைப்பு என்று காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், இந்தப்பக்கம் அதே நாச்சம்மாள், மடியில் இப்போது அவனுடைய செருப்பும் கைக்கடிகாரமும், காலை ஆட்டாதீங் என்கிறாள், நான் எங்கே ஆட்டுகிறேன், அது தானாக ஆடுகிறது, பயம் வந்தால் எனக்கு இரண்டு வியாதி, ஒன்று கால் ஆடும், இன்னொன்று கதை வரும்.

கதை வரவும் ஆள் கிடைத்தார், பக்கத்து நாற்காலிக்காரர், பல்லடத்துக்காரராம், பையன் பேரென்னுங்க என்றார், கோஃபி என்றேன், காபிங்களா என்றார், எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதற்கொண்டு டிகாக்‌ஷன் என்றே கூப்பிட்டார்கள், நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், ஆப்பிரிக்காவில் மேற்கே கானா என்று ஒரு தேசமுங்க, அங்கே அக்கான் சனங்கள், அவர்களுக்கு முதல் பேர் அப்பனும் ஆத்தாளும் உட்கார்ந்து யோசிக்கிற சமாச்சாரமே இல்லை, உயிர் எந்தக் கிழமையில் இறங்குகிறதோ அந்தக் கிழமையின் பேரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கும், திங்கட்கிழமை ஆண்பிள்ளை கோஜோ, சனிக்கிழமை க்வாமே, வெள்ளிக்கிழமை கோஃபி, பெண்பிள்ளைகளுக்கு அது வேறு வரிசை, வெள்ளிக்கிழமைக்காரன் ஊர்சுற்றி என்பார்கள், அதனாலோ என்னவோ அந்தப் பேரே ஊர் சுற்றியது, பக்கத்துச் சனங்கள் எடுத்துக்கொண்டார்கள், விலங்கு போட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் நாக்கில் உட்கார்ந்து கடல் தாண்டிக் கரும்புத் தீவுகளில் போய் இறங்கியது, துணியைப் பிடுங்கினார்கள், பிள்ளையைப் பிடுங்கினார்கள், பிறந்த கிழமையை எப்படிப் பிடுங்குவது, அங்கே குமாசி நகரத்துச் சந்தையில் நின்று நான் ஒருதரம் கோஃபி என்று கூப்பிட்டேன் பாருங்கள், பாதிச் சந்தை திரும்பியது, லாரிகள் நின்றன, கறிக்கடைக்காரர் ஓங்கின கத்தியோடு அப்படியே திரும்பினார், அந்த நேரத்தில் ஆடு எழுந்து ஓடிவிட்டது, இன்றைக்கும் அதன் பேரப்பிள்ளைகள் என் பேரைச் சொல்லிப் புல் மேய்கின்றன, நாச்சம்மாள் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள், போனவாட்டி சொன்னப்ப ஆடு இல்லீங்ளே.

ஆடு இல்லைதான், ஆனால் பயம் இருந்தது, அதைச் சொல்ல முடியாதபோது ஆட்டைச் சொல்கிறேன், இவனுக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிறந்திருந்தன, இரண்டும் இங்கே, இரண்டும் ஒரு மாதம் முழுசாக இருக்கவில்லை, முதலாவதற்குப் பிறந்த அன்றே பேர் வைத்து நான் வேலை பார்த்த மில் முழுக்க மிட்டாய் கொடுத்தேன், இரண்டாவதற்கும் கொடுத்தேன், அன்றைக்கு மிட்டாய் தின்ற வாய்களே பிறகு சொல்லின, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்திட்டயேப்பா, எமன் வந்து அதே பேரைச் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான், அப்புறம்தான் குமாசிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டர் வேலை வந்தது, நூல் அறுந்தால் முடிச்சுப் போடத் தெரிந்தவன் நான், எந்தத் தேசத்து நூலாக இருந்தால் என்ன, நாச்சம்மாள் விமானத்தில் ஏறும்போதே மூன்று மாதம், மேகத்துக்கு மேலே போகையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள், இதுக்குப் பேரே வேண்டாமுங்க, வருஷம் ஆகட்டும், அப்புறம் குப்பைமேட்டுல ஒரு பொரட்டுப் பொரட்டி, தவுட்டுக்கு வித்து வாங்கி, குப்பன்னு கூப்பிட்டுக்கலாம், குப்பையை எவன் தேடி வருவான், நான் சரி என்றேன், மனிதர் கண்ணுக்கே தெரியாத உயரத்தில் வைத்துப் போட்ட ஒப்பந்தம், அது யார் காதிலும் விழாது என்று நம்பினோம்.

பிறந்தது வெள்ளிக்கிழமை, விடிந்து பால்காரன் வருகிற நேரம், அங்கே பால்காரன் ஏது, ஆனாலும் அந்த நேரம், பிரசவம் பார்க்க மருத்துவச்சியோடு கூடநின்றவள் அபெனா, மில் கேண்டீனில் சமைக்கிறவள், சிரித்தால் தட்டுகள் அதிரும், பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தபடியே சொன்னாள், வந்துட்டானா கோஃபி, வா, நாச்சம்மாள் கிழிந்துபோன குரலில் என்னங்க சொல்றா அவ என்று கேட்டாள், நான் ஒன்றுமில்லை என்றேன், அபெனா தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அவளுக்கே விளக்கிவிட்டாள், நான் வைக்கலைம்மா, கிழமை வெச்சது, அவன் கொண்டுவந்ததைத்தான் சொன்னேன், நாச்சம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், வைக்காத பேர் வந்து உட்கார்ந்துவிட்டது, மத்தியானத்துக்குள் மில் முழுக்கத் தெரியும், மாஸ்டாவுக்குக் கோஃபி பிறந்திருக்கிறான், நூல் சுற்றுகிற வைண்டிங்கில் தெரியும், பஞ்சு சீவுகிற கார்டிங்கில் தெரியும், போகிற லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கோஃபி எப்படி என்கிறான்.

நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, ஷிப்ட் முடிகிற நேரத்தில் கேட்டில் நின்று ஒவ்வொருத்தனாக நிறுத்தி, தயவு செய்து அந்தப் பேரைச் சொல்லாதே, வாய்க்குள்ளேயே வைத்துக்கொள் என்று கெஞ்சினேன், அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மாஸ்டா, அப்ப இவனை என்ன சொல்லிக் கூப்பிடறது, இவனை, அந்தா போறானே அவனை, என் தகப்பனை, அவர்களில் எத்தனையோ பேர் கோஃபிகள், தன் பேரைத் தானே சொல்லக்கூடாது என்று ஒரு இந்தியன் கேட்டில் நின்று தடை போடுகிறான், கேட்டைக் காத்த வாட்ச்மேன் கிழவரும் கோஃபிதான், நரைத்த தாடி, காதில் சொருகின பென்சில், எல்லாரும் அவரை வோஃபா என்பார்கள், வோஃபா என்றால் தாய்மாமன், அங்கேயும் நம்மைப் போலத் தாய்மாமன்தான் பிள்ளைக்கு எல்லாம், நாச்சம்மாளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது, இவர்தான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், அவர் மட்டும் சிரிக்கவில்லை, எதுக்குப் பயப்படறே மாஸ்டா என்று கேட்டார், சொன்னேன், முழுதாகச் சொன்னேன், இரண்டையும் சொன்னேன், அவர் பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் சொருகினார், எட்டாம் நாள் வரைக்கும் அவன் விருந்தாளிதான், எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு, எட்டு ஆகட்டும், வெளியே கொண்டுவந்து ஊரறியப் பேரைச் சொல்லுவோம், அப்புறம் அவன் நம்மாளு, அதுவரை கேட்டு என் பொறுப்பு.

ஏழாம் நாள் தூசி வந்தது, ஹார்மட்டான் என்பார்கள், உதடு வெடிக்கும், கதவுச் சட்டங்கள் சுருங்கி முனகும், வீட்டுக்குள் தண்ணீர்ப் பானையின் மேல்கூட வெள்ளைப் படலம், காலையிலிருந்து பிள்ளை மார்பைத் தொடவில்லை, உடம்பு அடுப்புக்கல், நானும் நாச்சம்மாளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும், முதலாவதும் இப்படித்தான், இரண்டாவதும் இப்படித்தான், டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது, ஜீப் தூசிக்குள் எங்கே நிற்கிறதோ, ஒரு தடவை அழட்டும், ஒரே தடவை அழுதுவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம், அப்போதுதான் கேட்டுப் பக்கத்திலிருந்து அந்தக் குரல், கோஃபி, ஆண்குரல், அவசரம் இல்லாத குரல், தெரிந்தவரைக் கூப்பிடுகிற குரல், உச்சிவேளையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், எமனால் மூன்று தடவை கூப்பிட முடியாது என்று சின்ன வயதில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது ரத்தத்தில் கிடந்து எழுந்துகொண்டது, பிள்ளை வாயைத் திறக்கிறான், காலையெல்லாம் அழு அழு என்று நாங்கள் கெஞ்சின வாய், இப்போது அழுதால் அது பதில், ஏன் என்று கேட்ட மாதிரி, நாச்சம்மாளின் கை அவன் வாயை நோக்கிப் போகிறது, மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை, காற்றில் நிற்கிறது, மறுபடி குரல், கோஃபி, இரண்டு, பிள்ளையின் நெஞ்சு ஏறுகிறது, ஏறி நிற்கிறது, நான் கம்பியைப் பிடித்த கையில் துரு ஒட்டிக்கொண்டது, அழாதே கண்ணு, அழு கண்ணு, எதைச் சொன்னேன் எதை நினைத்தேன் தெரியாது, அப்போது வெள்ளைக்குள்ளிருந்து இன்னொரு குரல், கிழவரின் குரல், நான்தான் கோஃபி, என்ன வேணும்.

பிள்ளை அழுதான்.

நான் ஓடினேன், தூசிக்குள் கேட்டில் போய் முட்டினேன், அங்கே கிழவர் நிற்கிறார், தாடி புருவம் எல்லாம் மாவு, எதிரே யாரும் இல்லை, யாரு வோஃபா என்றேன், முகம் தெரியலை மாஸ்டா, கோஃபியைத் தேடி வந்தேன்னான், நான்தான்னேன், இன்னொரு நாள் வரேன்னுட்டுப் போயிட்டான், அவ்வளவுதான், வேலை கேட்டு வந்தவனாக இருக்கலாம், பக்கத்துக் குடியிருப்பு ஆளாக இருக்கலாம், கோஃபியைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே என்ன பஞ்சம், ஆனால் இன்னொரு நாள் என்றானே, அது எந்த நாள், சாயங்காலம் ஜீப் வந்தது, ஊசி போட்டார்கள், சூடு இறங்கியது, மறுநாள் விடியலில் பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள், அபெனா ஒரு படி சோளத்தவிடு கொடுத்து அவனை நாச்சம்மாளிடம் வாங்கினாள், அதே தவிட்டை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள், எங்கள் முறைமைக்காக அது, அவர்கள் முறைமைக்கு வோஃபா அவனை மடியில் வைத்து விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் ஒரு சொட்டு விட்டார், தண்ணின்னா தண்ணின்னு சொல்லு, பிறகு சாராயத்தில் தோய்த்து ஒரு சொட்டு, சாராயம்னா சாராயம்னு சொல்லு, பொய் சொல்லாத நாக்காக இருக்கணும் கோஃபி, என் மகனுக்கு அது பலித்தது, பொய் அத்தனையும் எனக்கு வந்து சேர்ந்தது.

பல்லடத்துக்காரர் கேட்கிறார், அப்ப அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் ஆகலீங்களா, நான் சொல்கிறேன், அவர் ஒருத்தரா பதில் சொன்னார், அவர் பின்னால் டிரைவர் கோஃபி நான்தான் என்றான், தச்சன் கோஃபி நான்தான் என்றான், வைண்டிங் கோஃபிகள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள், ரோட்டில் போன கோஃபிகள் சைக்கிளை நிறுத்தினார்கள், நாற்பது பேர், வந்தவனுக்குத் தலை சுற்றிப்போச்சு, எந்தக் கோஃபியை என்று பிடிப்பான், ஓடிவிட்டான், பல்லடத்துக்காரர் சிரிக்கிறார், நாச்சம்மாள் வழக்கமாக இந்த இடத்தில் சொல்வதைச் சொல்கிறாள், ஒருத்தர்தானுங்க, அன்னைக்கு ஒருத்தர்தான் சொன்னார், ஆமாம், ஒருத்தர்தான், அடுத்த வருஷம் மில்லை மூடினார்கள், நாங்கள் கிளம்பிவிட்டோம், கேட்டைத் திறந்துவிட்டு அவர் கையாட்டினதோடு சரி, அப்புறம் அவர் என்ன ஆனார் என்று தெரியாது, அவன் இன்னொரு நாள் வந்தானா, வந்தபோது யார் பதில் சொன்னார்கள், அந்த வெள்ளைக்குள் அந்தக் கிழவர் தனியாக நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால்தான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் பக்கத்தில் இன்னொரு கோஃபியைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன், நாற்பது வந்துவிட்டார்கள், இன்னும் வருவார்கள், அது பொய் என்றால் பொய்.

கூடத்துக் கடிகாரம் உச்சியைத் தொடுகிறது, வெள்ளைக் கதவு அரையாகத் திறக்கிறது, உள்ளேயும் வெள்ளை, ஆள் தெரியவில்லை, கோஃபி என்கிறது ஒரு குரல், அவசரம் இல்லாத குரல், என் கால் நின்றுவிட்டது, பல்லடத்துக்காரர் கூப்படறாங்க போங்க என்கிறார், நாச்சம்மாள் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், நகம் பதிகிறது, அவளுக்கும் அதே ரத்தம்தானே, பொறுங் என்கிறாள், கோஃபி, இரண்டு, இந்தக் கேட்டில் வோஃபா இல்லை, டிரைவர் இல்லை, தச்சன் இல்லை, பத்தாயிரம் தடவை நான் கூட்டிவந்து நிறுத்தின நாற்பது பேரில் ஒருத்தனைக் காணோம், கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு வாய் திறந்திருக்கிறது, மூன்றாவதுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை, எழுந்துவிட்டேன், நான்தான் கோஃபி என்கிறேன், என் குரலா அது, கிழவரின் குரல், என்ன வேணும் என்கிறேன், அந்த ஒரு நொடியில் பக்கத்தில் செருப்பும் கடிகாரமும் தரையில் விழுகின்றன, நாற்பது வருஷமாக என் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தவள் எழுந்து நிற்கிறாள், நானுந்தானுங்க கோஃபி என்கிறாள், பல்லடத்துக்காரருக்கு என்ன தோன்றியதோ அவரும் பாதி எழுந்துகொண்டார், கதவிலிருந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டி எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்க்கிறது, சின்னப்பெண், கண்ணில் தூக்கம், விளையாடாதீங்க தாத்தா, கோஃபிக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, தண்ணி தண்ணிங்கறார், யாராச்சும் ஒருத்தர் உள்ள வாங்க என்கிறது, தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல்கிற நாக்கு, நான் நடக்கிறேன், நாச்சம்மாள் கையை விடவில்லை, ஒருத்தர்தான் என்கிறது நர்ஸ், நாங்கள் கேட்கவில்லை, வெள்ளைக்குள் நுழைகிறோம், உள்ளே யாரோ முன்னால் விலகிப் போகிற மாதிரி இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று, வரட்டும், அன்றைக்கு எங்களையும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர்.