ரெண்டாவதுதான்

அண்ணனின் உடலுக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அண்ணி, நிமிராமலே அவன் தங்கையிடம் கேட்டாள். "எதைப் போடுறது? ரெண்டாவதுன்னுதானே சொன்னே?"

மேசையில் இரண்டு சிடிகள். முதலாவது சாக்ஸபோன், நிதானமான ஜாஸ். இரண்டாவது ராக், கிட்டாரும் டிரம்ஸும் வீட்டையே தூக்கிவிடும். அண்ணன் பஸ் டிப்போ மெக்கானிக். எஞ்சின் உறுமுவதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அந்தக் காதுக்கே இந்த இரண்டில் எது உசத்தி என்று பிடிபடவில்லை. படுக்கையில் விழுந்ததும் தங்கைக்குக் கொடுத்தனுப்பினான்.

"ரெண்டையும் முழுசா கேட்டுட்டு எது பிடிச்சிருக்குன்னு சொல்லு. நான் கிளம்புறப்போ அதைப் போட்டா போதும்."

மூன்று வாரம் அவை அவளது ஆபீஸ் மேசை டிராயரில் கிடந்தன. அவன் போன் செய்தபோது மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டிருந்தது. "ரெண்டாவதுதாண்ணே, சூப்பர்!" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாளே இரண்டையும் திருப்பி அனுப்பினாள்.

"கடைசில அவருக்குச் சத்தமே ஆகல," என்றாள் அண்ணி. "தலையைப் பிடிச்சுக்கிட்டே அதைத்தான் போடச் சொல்லுவாரு. 'அவ இதுல என்னமோ கேட்டிருக்கா, எனக்குத்தான் பிடிபடல'ம்பாரு."

அவள் மேசையிலிருந்த சிடிகளைக் கையில் எடுத்தாள்.

"அண்ணி, நான் கேக்கவே இல்ல."

"எதை?"

"ரெண்டையுமே."

அண்ணியின் விரல்கள் கழுத்துப் பொத்தானில் நின்றன. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"வண்டி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. போய்க் கேளு."

பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் ராக். ஒரு பாட்டைக்கூடத் தள்ளாமல் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஜாஸைப் போட்டாள். மூன்றாவது பாட்டில், வாசிப்பவர் நிறுத்தி மூச்சிழுப்பது கேட்டது. மறுபடி அந்த இடத்துக்கே போனாள். மறுபடியும்.

வெளியே வந்தபோது வண்டி வந்திருந்தது.

"எது?"

"முதலாவது, அண்ணி."

அண்ணி அவளையே பார்த்தாள். பிறகு, "சரி," என்று சிடியை வாங்கிக்கொண்டாள்.

அண்ணனை வண்டியில் ஏற்றினார்கள். வாசல்வரை சாக்ஸபோன் கேட்டது. பின்கதவைச் சாத்தப்போன டிரைவர், பாட்டு முடியட்டும் என்று கதவைப் பிடித்தபடியே நின்றார்.