முன்னால் பிடிப்பவர்

காலிச் சவப்பெட்டி எட்டாவது மாடிக்குச் சிரமமில்லாமல் ஏறிவிட்டது. அப்பாவின் கூட்டாளிகள், ஒட்டகம், பீப்பாய் என்று பட்டப்பெயர் கொண்ட இருவரும், அதைச் செங்குத்தாக நிறுத்தி, பீரோவை ஏற்றுவதுபோல லிஃப்டில் ஏற்றியிருந்தார்கள். இப்போது பெட்டிக்குள் அப்பா இருந்தார். மகள் படி திரும்பும் மேடையில் மண்டியிட்டு டேப்பை இழுத்து மறுபடியும் அளந்தாள். மேடையின் அகலம் பெட்டியின் நீளத்தில் பாதிதான். படுக்க வைத்துக் கொண்டுவந்தால் பெட்டி சுவரில் முட்டி நிற்கும். சுற்றித் திருப்ப வழியே இல்லை.

"நிமித்தி லிஃப்டுல இறக்கிடலாம் அண்ணி" என்றார் ஒட்டகம். கழுத்து நீண்டவர். அப்பாவோடு முப்பது வருஷம் பாரம் தூக்கியவர்.

அம்மா வாசலில் நின்று வேண்டாமென்று தலையாட்டினாள். "ஆயுசு பூரா நின்னே பாரம் தூக்கின மனுஷன். சோத்தைக்கூட நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடுவாரு. காலைல உசுரு போனதுகூட நாற்காலியில உக்காந்தபடிதான், கையில டீ டம்ளரோட. இன்னைக்காவது படுத்துக்கிட்டுப் போகட்டும்."

அம்மா யாரிடமும் எதையும் கேட்டு மகள் பார்த்ததில்லை. அதனால்தான் டேப்பைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவின் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. வேலை தேடி ஒற்றைப் பையோடு இந்த நகரத்துக்கு வந்தவர். வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த ஒட்டகமும் பீப்பாயும் அவரும் ஒரே தகரக் கொட்டகையில் படுத்து எழுந்து, அடுத்தவர்களின் கட்டில்களைச் சுமந்தார்கள். பிறகு அவர்கள் தெருவின் மேலேயே புதிய ரயில் பாதை வந்தது. தெரு மொத்தத்தையும் இந்தக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு வீட்டுச் சாமானையும் ஏற்றியவர் அப்பாதான். அந்த ரயிலைத்தான் மகள் இப்போது ஓட்டுகிறாள். அப்பா ஓய்வுநாளில் முதல் பெட்டியில் ஏறிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "இப்ப எங்க சமையல்கட்டைத் தாண்டுறோம், கொஞ்சம் காலைத் தூக்கிக்குங்க, அடுப்பு எரியுது" என்பார்.

செய்தி கேட்டு வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. அழுதவர்களும் பாதியில் சிரித்துவிட்டார்கள்.

"எங்க பீரோவுல கீறல் போட்டுட்டாரு" என்றாள் மூன்றாம் மாடித் தையல்காரி. "ஏன்ணே இப்படின்னு கேட்டா, 'கண்ணாடி எந்தப் பக்கம்னு இருட்டுல தெரியணும்ல'ங்கறாரு."

"எங்க கிரைண்டரைத் தூக்கறப்ப, 'உள்ள மாவு இருக்கா, இல்ல மாமியார் இருக்காங்களா'ன்னாரு. மாமியார் பின்னாலயே நிக்கறாங்க" என்றாள் இன்னொருத்தி.

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

மேடையில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"நான்தான் முன்னால பிடிப்பேன்" என்றார் பீப்பாய்.

"உன் வயிறு படியை மறைக்கும். அண்ணன் இடத்துல நான் நிக்கறேன்."

"உன் கழுத்து மேல் மாடியிலயே நிக்கும்டா. நீ முன்னால போனா என்ன, பின்னால போனா என்ன?"

அது வெறும் கௌரவத்துக்கான சண்டை இல்லை. அவர்கள் தொழிலில் முன்னால் பிடிப்பவர் ஒருவர்தான். படி அவர் கண்ணுக்குத்தான் தெரியும். "படி", "மேடை", "திரும்பு" என்று குரல் கொடுப்பவரும் அவர்தான். வழியில் ஆள் மாறினால் குரல் இரண்டாகும், சாமான் கீழே விழும். ஆகவே முதல் படியிலிருந்து தெரு வரை அவரேதான் முன்னால். எல்லாச் சாமானுக்கும் அப்பாதான் முன்னால் பிடித்தார்.

மகள் டேப்பைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா, முன்னால பிடிக்கறவர் முன்னாலயே இருக்கணும்னுதானே ஒவ்வொரு மேடையிலயும் சாமானைத் திருப்பறீங்க?"

"பின்ன? திருப்பாம எப்படிம்மா கீழ போறது?"

"நான் கடைசி ஸ்டேஷன்ல ரயிலை எங்க திருப்பறேன்? அங்க அதுக்கு இடமே கிடையாது. நான்தான் இறங்கி அந்தக் கோடிக்கு நடந்து போறேன். அங்கயும் ஒரு ஓட்டற அறை இருக்கு. ரயில் வந்த வாக்குலயே நிக்கும். பின்பக்கம் முன்பக்கமாயிடும்."

ஒட்டகம் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார், அதன் அந்தப் பக்கம் கீழே இறங்கும் படியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"கம்பிக்கு மேல தூக்கிப் பக்கவாட்டுல தள்ளிடறதா?" என்றார் மெதுவாக.

"தள்ளிடறது. அந்தப் பக்கம் படியில நிக்கறவங்க வாங்கிக்கறது."

"அப்ப முன்னால யாரு?" பீப்பாய்க்கு அதுதான் கவலை.

"ஒரு படிக்கட்டுக்கு நீங்க. அடுத்ததுக்கு அவரு. குரல் அப்பவும் ஒண்ணுதான், ஆளுதான் மாறும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "முதல் படிக்கட்டு எனக்கு" என்றார் பீப்பாய்.

தையல்காரி கீழே இறங்கிக் கதவு கதவாகத் தட்டினாள். அப்பா கட்டிலும் பீரோவும் ஏற்றிக்கொடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து படிகளில் வரிசையாக நின்றார்கள். கீழ்ப்படியில் நின்றவர்கள் பெட்டியைத் தோளில் வாங்கினார்கள், மேல்படியில் நின்றவர்கள் இடுப்பளவில் தாங்கினார்கள். அதனால் சரிவிலும் பெட்டி மட்டமாகவே இருந்தது. அம்மா பின்னால் வந்தாள், ஒவ்வொரு மேடையிலும் எட்டிப் பார்த்து, "படுத்துத்தானே இருக்காரு?" என்று கேட்டபடி.

"சுகமா இருக்காரு அண்ணி" என்றது கீழிருந்து ஒரு குரல்.

பெட்டி எங்கேயும் திரும்பவில்லை. ஒரு படிக்கட்டில் அப்பாவின் கால் முன்னால் போனது, பீப்பாய் குரல் கொடுத்தார். மேடையில் பெட்டி கம்பிக்கு மேலே எழுந்து பக்கவாட்டில் நகர்ந்து, உயர்த்திய கைகளில் இறங்கியது. அடுத்த படிக்கட்டில் தலை முன்னால் போனது, ஒட்டகம் குரல் கொடுத்தார். தெரு வரை அப்படியே மாறி மாறிப் போனார்கள்.